பட்டத்தில் ஒட்டிய பாட்டு

தை பிறந்தால் அரியாலை வானம் முழுக்க “விண்” கூவும். பட்டத்தின் தலையில் வில் கட்டி, அதில் நாடாவை இழுத்துப் பூட்டுவதுதான் விண். வாடைக்காற்று பிடித்தால் அந்தச் சத்தம் ஊரெல்லாம் கேட்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணை கட்டின பட்டம் என் கையில்தான் நிற்கும். பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் பட்டம் என்று அம்மா பேசிப் பேசிக் களைத்துவிட்டா.

பக்கத்து வளவில் சங்கீத ஐயா இருந்தார். அவர் செய்த கீர்த்தனையைப் பாடாத கோயில் எங்கள் பக்கம் இல்லை. பெரிய வித்துவான்களும் வந்து பாடம் கேட்டுப் போவார்கள். ஆனால் நான் கண்டது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கும் மாமரத்துக்கும் நடையாய் நடந்து, ஒரே அடியை மத்தியானம் வரைக்கும் மாற்றி மாற்றிப் பாடுகிற ஒரு மனிசனைத்தான். முழுவதும் சரிவந்த பிறகு, மலேசியாச் சீடர்களுக்கு அனுப்புகிற மெல்லிய நீல எயார்மெயில் தாளில் எழுதுவார். என் பட்டம் ஏறி நின்றால் தம்புரா வேண்டாம் என்பார்.

“பிள்ளை, உன்ரை விண் சுருதியிலை அரைக்கட்டை ஏறி நிக்குது. நாடாவைத் தளர்த்து” என்று வேலிக்கு மேலால் சொல்வார். நான் தளர்த்துவேன்.

ஒருநாள் பட்டம் முருங்கையில் பட்டுக் கிழிந்தது. கடையில் தாள் இல்லை. எங்கள் பக்கத்து வேலியோரம் ஒரு நீலத்தாள் பறந்துவந்து கிடந்தது. எனக்கு வாசிப்பு அவ்வளவு ஓடாது. சரிகம எழுத்துகளே திரும்பத் திரும்பக் கிடந்ததால், ஐயாவிடம் படிக்கிற ஆரோ சின்னப்பிள்ளை எழுதிப் பழகினது என்று நினைத்தேன். சோறு மசித்து ஒட்டி ஏற்றினேன். நன்றாக நின்றது. பின்னேரம் நூல் அறுந்து, பட்டம் கொழும்புத்துறைக் கடலில் விழுந்தது.

பொழுதுபட ஐயாவும் மகள் மங்கை அக்காவும் வளவெல்லாம் தேடினார்கள்.

“நீலத்தாள் ஒண்டு கண்டனியோ, பிள்ளை? தைப்பூசத்துக்குச் செய்த பாட்டு.”

“இல்லை, ஐயா.”

“பட்டம் எங்கை?”

“அறுந்திட்டுது.”

“ஓம். சத்தம் நிண்டது கேட்டது” என்றுவிட்டு உள்ளே போனார்.

தைப்பூசத்தன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அந்த வருஷம் மாரியில் ஐயா செத்துப்போனார். அவருடைய கடைசிப் பாட்டைக் கடலில் போட்டவள் நான் என்று எனக்கு மட்டும் தெரியும். பிறகு இடம்பெயர்ந்தோம், பருத்தித்துறையில் கலியாணம் முடித்தேன். எங்கே அவருடைய பாட்டு எடுத்தாலும் எழும்பிப் போய்விடுவேன்.

இந்தத் தைப்பூசத்துக்கு மகள் அரியாலை முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தலை நரைத்த மங்கை அக்கா பாட இருந்தா. நான் எழும்ப, மகள் கையைப் பிடித்து இருத்திவிட்டாள்.

“இது அப்பாவின்ரை கடைசிப் பாட்டு” என்று அக்கா தொடங்கினா. சரணத்தில், “நூலறுந்த பட்டமும் நின் வாசல் சேரும், வேலவா” என்று வந்தது.

பாட்டு முடிய, கிட்டப் போனேன்.

“அக்கா, அந்தத் தாளைப் பட்டத்திலை ஒட்டினது நான்தான்.”

அவ என்னைப் பார்த்தா. பிறகு சிரித்தா.

“உதுக்கே இவ்வளவு காலம் ஒளிச்சுத் திரிஞ்சனி? பாட்டு அப்பாவின்ரை வாயிலையெல்லோ இருந்தது. திரும்ப எழுதேக்கைதான் இந்தச் சரணத்தைச் சேர்த்தவர். ‘முதல் தாளை ஆரோ மேலை அனுப்பிப்போட்டினம், நாங்கள் பாடமுன்னம் முருகன் பாத்திருப்பார்’ எண்டவர். தாளைப் பறக்கவிட்டதெண்டு பேச்சு வாங்கினது நான்.”

“ஆரோ எண்டோ சொன்னவர்?”

“ஓம். பேர் சொல்லேல்லை.”

திரும்பும் வழியில் பழைய வளவைப் பார்த்தேன். மாமரம் இல்லை. கிணற்றை மூடிவிட்டார்கள். ஒழுங்கை முழுக்கக் கரண்டுக் கம்பி, அங்கே இனிப் பட்டம் ஏறாது. பஸ்ஸில் ஏறி இருந்ததும், பாட்டைப் போனில் பிடித்திருக்கிறேன் என்றாள் மகள்.

“போடு” என்றேன்.

அக்காவின் சுருதியும் அரைக்கட்டை ஏறித்தான் நின்றது. பருத்தித்துறை வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தேன்.