வெளியே தாழிட்ட அறை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம். கொடைக்கானலில், செண்பகனூரைத் தாண்டிச் சரிவில் இருந்த பழைய பங்களா ஒன்றுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு நானும் அண்ணனும் போயிருந்தோம். முதியவர்களைப் பராமரிக்கும் இல்லம் அது. புத்தி தடுமாறியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று யாரோ அண்ணனிடம் சொல்லியிருந்தார்கள்.

அப்பா மேல்மலையில் பூண்டு போட்டு எங்களை வளர்த்தவர். அம்மா போன பிறகு மறதி முற்றிவிட்டது. கதவு திறந்திருந்தால் போதும், காட்டுக்குள் நடந்துவிடுவார். ஊரே திரண்டு தேடிய நாட்கள் உண்டு. அண்ணிக்கும் உடம்பு முடியவில்லை. நான் வாழ்க்கைப்பட்ட இடமோ பெரும்பாறை. காபித் தோட்டத்தில் கூலி வேலை. வேறு வழி தெரியாமல்தான் கிளம்பினோம்.

முன்கூடத்தில் சிமெண்டுத் தரை பளபளத்தது. ஜன்னலோரம் பூந்தொட்டிகள். நிர்வாகி உட்கார வைத்து டீ கொடுத்தார். அப்பா எங்கே படுப்பார் என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"விசிட்டர்ஸ் உள்ள வந்தா எல்லாரும் டிஸ்டர்ப் ஆயிருவாங்கம்மா. நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க, அவரையே இங்க கூட்டியாந்து உக்கார வைக்கிறோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தங்கப்போகிற அறையைக் காட்டுவதில் என்ன தயக்கம்? "அவருதான் சொல்றாருல்ல, சும்மா இரு பிள்ள" என்று அண்ணன் என்னை அடக்கினார். இந்தப் பேச்சுக்கிடையில் அப்பா எழுந்து உள்ளே நடந்துவிட்டார். இதுதான் சாக்கென்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

நடையின் கோடியில் ஒரு கதவருகே நின்றிருந்தார். வெளிப்பக்கம் தாழிட்டிருந்தது. "யாரோ தட்டுறாக தாயி" என்றார். காதை வைத்துக் கேட்டேன். நகத்தால் பிறாண்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

தாழை இழுத்துத் திறந்தேன். அனலும் மூத்திர வாடையும் முகத்தில் அடித்தன. ஜன்னல் இடுக்குகளில் துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். நடுவில் ஓர் இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. கதவடியில் ஒரு பெரியவர் கிடந்தார். கட்டிலில் ஓர் அம்மாள். இடுப்பைச் சேலைக் கிழிசலால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். உலுக்கினேன், தலை துவண்டு விழுந்தது. மூடிய அறையில் கரிச்சட்டி வைத்தால் ஆள் பிழைக்காது என்பது மலையில் பிறந்த யாருக்கும் தெரியும்.

நான் போட்ட கூச்சலில் அண்ணன் ஓடிவந்தார். கட்டை அவிழ்த்து இருவரையும் வராந்தாவுக்குத் தூக்கி வந்தோம். பின்னால் வந்த நிர்வாகியிடம் பதற்றமே இல்லை.

"குளிருக்குத்தானே வச்சோம். தொறந்து விட்டா ஓடிருவாங்க. கொஞ்ச நேரத்துல அவங்களே மறந்துருவாங்க, பெருசு பண்ணாதீங்க."

"மறந்துட்டா மூச்சு முட்டாதாய்யா? உங்க ஆத்தாளயும் இப்படித்தான் கட்டிப் போடுவியா?" என்று கேட்டேன்.

"நீ இங்கனயே நில்லு. எந்தக் கதவயும் மூட விடாத. நான் வெரசா டாக்டரக் கூட்டியாறேன்" என்று அண்ணன் ஓடினார். அந்த அம்மாள் வாந்தியெடுத்து, பிறகு கண் விழித்தார். என் விரலைப் பிடித்தவர் டாக்டர் வரும்வரை விடவே இல்லை. பெரியவரும் பிழைத்துக்கொண்டார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பெற்றவர்களை அழைத்துப் போனார்கள். அடுத்த சீசனுக்குள் இல்லத்தை மூடிவிட்டார்கள். ஆனால் நிர்வாகி மேல் ஒரு வழக்குகூட இல்லை. பூந்தொட்டி வைக்கத் தெரிந்தவருக்கு வேறு ஊரில் வேறு வேலை கிடைத்திருக்கும்.

அப்பாவை என்னோடு பெரும்பாறைக்கே கூட்டிவந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வீட்டைச் சுற்றி மூங்கில் வேலி கட்டினார். அதற்குள் அப்பா இஷ்டம்போல நடந்தார், கடைசிவரை.

இப்போதும் யாராவது அப்படியோர் இல்லம் பார்க்கத் துணைக்குக் கூப்பிட்டால் போகிறேன். முன்கூடத்தில் உட்காருவதில்லை, நேராக உள்ளே போய்க் கதவுக்குத் தாழ் எந்தப் பக்கம், ஜன்னல் திறக்கிறதா என்று பார்க்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். வயது ஆக ஆகக் கோபம் தணியும் என்கிறார்கள். ஒருவருடைய மறதியைத் தன் வசதியாக்கிக்கொண்ட அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.