ஏரி திருப்பித் தந்த வாள்

மல்வேர்னில் கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தேநீரை வாயில் வைக்கப் போனபோது குலம் அண்ணையின் மனைவி தவமலர் அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, வேலை முடிஞ்சாப் பிறகு ஆறுதலா வாங்கோ. அண்ணை போயிட்டார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் பஸ்ஸை எடுத்தேன். ஏறியவர்களுக்கு வணக்கம் சொன்னேன், இறங்கியவர்களுக்குக் கதவைத் திறந்தேன். மோர்னிங்சைட் வரும்போது வீதி தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, வேறொரு சாரதியை அனுப்பச் சொன்னேன்.

குலம் அண்ணை என்று ஸ்காபரோவில் பலரும் அறிந்த குலசிங்கம் அவர்கள் கலியாணங்களுக்கும், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீடுகளுக்கும் வீடியோ எடுத்தவர். தாலி கட்டும் நேரத்தில் ஐயரையே "கொஞ்சம் விலகுங்கோ" என்று சொல்லக்கூடிய ஆள். அவர் தம் வாழ்நாளில் ஒரேயொரு சினிமாப்படம் எடுக்கத் தொடங்கினார். அது முடியவில்லை. இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது அக்கா, "படத்தைப் பற்றி எழுதுங்கோ, மற்றதெல்லாம் சனத்துக்குத் தெரியும்" என்றார். ஆகவே படத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் அகதிகளாக வந்து பார்க்டேலில் ஓர் அறையில் இருந்தவர்கள். முதல் பனிக்காலத்தில் வேலையும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. யாரோ வீதியில் எறிந்த ரிவி ஒன்றைத் தூக்கிவந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒருநாள் பிரித்தானியரின் பழைய கதையொன்று போனது. கல்லில் செருகிய வாளை ஒரு சிறுவன் உருவி எடுத்து அரசனாகிறான். வட்ட மேசை போட்டுத் தன் வீரரையெல்லாம் சமமாக இருத்துகிறான். கடைசிப் போரில் காயப்பட்டு விழும்போது, மிஞ்சிய கடைசி வீரனிடம் வாளை ஏரிக்குள் எறியச் சொல்கிறான். பிறகு ஒரு வள்ளத்தில் அவனைக் கிடத்திக் கொண்டுபோகிறார்கள். அண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "விளங்குதோ?" என்று கேட்டேன். "பெரியாக்கள் எல்லாம் பேசாமல் நிக்க, ஒரு பெடியன் இழுக்கிறான். இதுக்கு இங்கிலிஷ் வேணுமே?" என்றார்.

ஆங்கிலம் படித்த பிறகு அந்தக் கதையைத் தேடித் தேடி வாசித்தார். அந்த அரசன் செத்தான் என்று அவனுடைய சனம் சொல்வதில்லை, என்றைக்கோ திரும்பி வருவான் என்றுதான் சொல்லும் என்பதை அவர் அப்படித்தான் அறிந்தார். அதை எனக்குச் சொன்ன அன்று, "எங்கட வீட்டிலயும் ஒருத்தனை அப்பிடித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறம்" என்றார். போரில் காணாமல் போன தம்பியைச் சொன்னார். அந்தத் தம்பிக்கு அவர்கள் வீட்டில் இன்றுவரை ஒரு சடங்கும் செய்ததில்லை.

தலை நரைத்த பிறகுதான் படத்தைத் தொடங்கினார். அரசனாக அவரே நடித்தார். "வேற ஆள் கிடைக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டாலும், வேறு ஆளை அவர் தேடியதை நான் காணவில்லை. நான் அவருடைய கடைசி வீரன். சிம்மாசனம் ஒரு சாமத்தியவீட்டு அலங்காரக்காரரிடம் இரவலாக வந்தது. அதன் இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் மயில்கள். இங்கிலாந்து ராசாவுக்கு மயில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எங்கட வீட்டுக்கு வந்த ராசா எங்கட கதிரையில இருக்கட்டும்" என்றார். வட்ட மேசைக்கும் பஞ்சம் இல்லை. கலியாண மண்டபத்தில் விருந்து முடிந்து சனம் போனதும், மேசையைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்தோம். வாள், ஒரு பழைய ஹொக்கி மட்டை. அதைச் செதுக்கி, சாப்பாடு சுற்றும் வெள்ளித்தாளை ஒட்டி, பிடிக்குக் கறுத்த நாடா சுற்றியிருந்தார்.

படப்பிடிப்பில் அவர் 'கட்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. "சரி, சாப்பிடுவம்" என்பார். கலியாண வீடுகளில் எல்லாரும் உண்ட பிறகு கடைசிப் பந்தியில் இருந்து பழகிய மனிதர் அவர். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் வேலை முடிந்ததென்று அவருக்குப் படும். அவர் சொல்லும்வரை நாங்கள் அசைய மாட்டோம். சொன்னதும் அக்கா காரின் பின்கதவைத் திறந்து இடியப்பப் பெட்டியை எடுப்பார்.

ஸ்காபரோ மலைமுகடுகளுக்குக் கீழே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் வாள் எறியும் காட்சியை எடுத்தோம். நான் முழங்கால் தண்ணீரில் நின்று முழுப் பலத்தோடும் எறிந்தேன். கதையில், நீருக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து வாளை வாங்கிக்கொள்ளும். எங்கள் வாள் மிதந்தது. மட்டை மரம் என்பதை அத்தனை பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. அது ஆடி அசைந்து அலையோடு வந்து, அரசரின் காலடியில் ஒதுங்கியது. அக்கா சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டார். அண்ணை வாளை எடுத்துத் தண்ணீரை உதறினார். "ஏரி வேண்டாமெண்டிட்டுது. எனக்கு இன்னும் வேலை கிடக்கெண்டு அதுக்குத் தெரியும். சரி, சாப்பிடுவம்" என்றார்.

மிஞ்சியது வள்ளத்தில் அரசனைக் கிடத்தும் காட்சி. வள்ளமும் ஆயத்தம், பூவும் ஆயத்தம். வெள்ளை வேட்டியோடு அவர் ஏறப் போகையில் அக்கா குறுக்கே வந்து நின்றார். "உயிரோட இருக்கிற மனிசனைப் பூவுக்குள்ள கிடத்த நான் விடமாட்டன்" என்றார். நடிப்புத்தான் என்றோம், பூசணிக்காய் வெட்டிக் கழிப்போம் என்றோம். அக்கா அசையவில்லை. அண்ணை அவருடைய முகத்தைப் பார்த்தார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "இவ சொன்னாச் சரி. ராசா போகேல்லை" என்றார். அதற்குப் பிறகு படம் நின்றது. அவர் அதற்காக அக்காவிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் எடுத்த காட்சிகளைத் தனியே போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புற்றுநோய் என்று தெரிந்தபோது பிந்திவிட்டது. வைத்தியசாலையில் அவரைப் பார்க்கப் போன ஒருநாள், கட்டிலில் மெலிந்து கிடந்தவர் என்னைக் கண்டதும், "கமராவைக் கொண்டு வா. இப்பவெண்டா நான் நடிக்கவும் தேவையில்லை" என்றார். பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு, "சுகமாக்கிக்கொண்டு வீட்ட வாங்கோ. வந்தா நானே உங்களை வள்ளத்தில ஏத்திவிடுறன்" என்றார்.

"தம்பி, நீதான் சாட்சி" என்றார் அண்ணை. அவருடைய முகத்தில் எத்தனை மகிழ்ச்சி. அதன் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை.

அஸ்தி கரைக்க அதே ஏரிக்கரைக்குப் போனோம். ஐயர் மந்திரம் சொல்லி முடித்தார். சாம்பல் தண்ணீரில் கலந்தது. மற்றவர்கள் கார்களுக்குத் திரும்பிய பிறகு அக்கா தன் பையிலிருந்து அண்ணையின் சின்னக் கமராவை எடுத்தார். காருக்குள்ளிருந்து ஹொக்கி மட்டை வாளையும் கொண்டுவந்து என் கையில் தந்தார். வெள்ளித்தாள் பாதி உரிந்திருந்தது. "அவற்ற படம் என்னாலதானே நிண்டது. நான் எடுக்கிறன். நீங்கள் எறியுங்கோ" என்றார். அவர் கமரா பிடித்து நான் பார்த்தது அன்றுதான். இரண்டு கையாலும் பிடித்தார்.

எறிந்தேன். அன்று காற்று கரையிலிருந்து ஏரிப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. வாள் மிதந்தது, ஒருமுறை சுழன்றது, பிறகு மெல்ல மெல்ல ஏரிக்குள்ளே தூரப் போகத் தொடங்கியது. கறுத்த நாடா சுற்றிய பிடி மட்டும் சற்று நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி நின்றோம். என் கால் விறைத்துவிட்டது.

"அக்கா, வாங்கோ போவம்" என்றேன்.

"கொஞ்சம் நில்லுங்கோ தம்பி. அண்டைக்கும் வர நேரம் எடுத்ததுதானே."

வரவில்லை. அக்காவின் கன்னத்தால் கண்ணீர் வடிந்து கமராவில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. கமராவின் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது.

"காணும் அக்கா. நிப்பாட்டுங்கோ."

"அவர் இன்னும் சொல்லேல்லையே" என்றார்.

போய் வாருங்கள், அண்ணை. நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை.