பெரியப்பாவின் டீசல் கார்

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. கல்யாண வீடோ, சாவு வீடோ, டேங்கை நிரப்பாமல் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். தமிழ்நாட்டில் விலை அதிகமாம். அப்பாவும் அப்படித்தான். விழுப்புரத்தில் அம்மாவைப் பெற்ற தாத்தா இழுத்துக்கொண்டு கிடக்கிறார், மகளையே கேட்கிறார் என்று மாமா போன் செய்த அன்றும், சாரத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பியவர் நேரே பெட்ரோல் பங்கில்தான் போய் நின்றார்.

எங்கள் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் பெரியப்பாவின் காரை வாங்கி வந்திருந்தோம். எங்களுடையது பெட்ரோல், அது டீசல். அப்பா பழக்க தோஷத்தில், "பெட்ரோல் ஃபுல் பண்ணுங்க" என்றார். நிரப்பி முடித்து மூடியைப் போடும்போதுதான் பங்க்காரர் அதில் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"ஐயோ சார், சாவியத் திருப்பிடாதீங்க! டீசல் வண்டி சார் இது. ஸ்டார்ட் பண்ணா இன்ஜினே போயிடும்."

நாலு பேர் சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். எனக்கு எட்டு வயது, ஒரே குஷி. மெக்கானிக் வந்து, டேங்கைக் கழற்றிப் பெட்ரோலை மொத்தமாகக் கொட்டிவிட்டுத்தான் டீசல் ஊற்ற வேண்டும் என்றார்கள்.

அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் பஸ்ல போறேன். நீங்க வண்டிய சரி பண்ணிகிட்டு வாங்க."

"சும்மா இரு. அரை மணி நேர வேலை. உன்ன பஸ்ல அனுப்பிட்டேன்னா உங்க வீட்டுல என்னைய என்ன பேசுவாங்க?"

பாழாய்ப்போன கௌரவம்! மெக்கானிக் வந்து சேரும்போதே சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மாமா போன் செய்யும்போதெல்லாம் அம்மா, டயருக்குக் காற்றுப் பிடிக்கிற இடத்தில் நின்றுகொண்டு, "வந்துகிட்டே இருக்கேண்ணா. வில்லியனூர் தாண்டிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்று பொய் சொன்னாள்.

நாங்கள் போய் இறங்கியபோது தெருவில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"வில்லியனூர் தாண்டிட்டான்னியே, இன்னும் வரலையான்னு கேட்டுகிட்டேதாம்மா போனாரு" என்று மாமா அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறினார்.

மறுநாள் தாத்தாவின் எடுப்புக்கு வந்த பெரியப்பா, தன் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவின் தோளைத் தட்டினார். "நல்லவேளை, நிதானமா இருந்த. வேற எவனாவதா இருந்தா ஸ்டார்ட் பண்ணித் தொலைச்சிருப்பான்." அப்பா, ஆமாம் என்று தலையாட்டினார். அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஊர் திரும்பும்போது அம்மா பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். "நீ முன்னால உக்காரு" என்றாள் என்னிடம். எங்கள் கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த பிறகும் அப்படியே. கோயிலோ கடற்கரையோ, எங்கே போனாலும் அப்பாவுக்குப் பக்கத்து சீட் எனக்குத்தான். எங்கம்மாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் தெரியுமா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.