அடிபட்டவர்தான் வெளியே போக வேண்டும்

கால்பந்தில் எனக்குக் கோபம் வரவழைக்கும் விதி ஒன்றே ஒன்றுதான். ஆஃப்சைடு இல்லை, அதை என் மனைவிக்கே இரண்டு டம்ளர்களையும் ஒரு கரண்டியையும் வைத்து விளக்கிவிட்டேன். நான் சொல்வது இது. ஒருவரை இன்னொருவர் உதைத்துத் தள்ளுகிறார். விழுந்தவருக்கு மருந்து போட ஆள் உள்ளே வந்துவிட்டால், விழுந்தவர் மைதானத்தை விட்டு வெளியே போக வேண்டும். உதைத்தவர் மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளேயே நிற்கலாம். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு, நடுவர் சைகை காட்டினால்தான் அடிபட்டவர் திரும்பி வரலாம். அடியும் பட்டு, வெளியேயும் போகணுமா என்று படிக்கும்போதே எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் நடுவர் தேர்வில் அதைப் பிசகில்லாமல் எழுதிப் பாஸ் செய்தேன். குமாஸ்தா புத்தி. அச்சில் இருப்பதைக் கை தானாக எழுதிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. மோதி பாக் பகுதியில் குவார்ட்டர்ஸ். வார நாட்களில் ஃபைல், சனி ஞாயிறுகளில் விசில். அலுவலகங்கள் தங்களுக்குள் நடத்தும் போட்டிகளுக்கு என்னை நடுவராகக் கூப்பிடுவார்கள். சமோசாவும் டீயும் தருவார்கள், இரண்டு அணிகளிடமிருந்தும் திட்டும் கிடைக்கும்.

ஒரு ஜனவரி மாத அரையிறுதியில் பத்தாம் எண் சட்டை போட்டிருந்தவர் தமிழர். டெல்லித் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவர். அலுவலகம் ஒன்றில் தினக்கூலிக்குத் தபால் பிரித்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன் குழாயடியில் அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"சார் தமிழா? உங்க ஹிந்தியக் கேட்டதுமே தெரிஞ்சிடுச்சு" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பர்மனென்ட்டா ஆள் எடுக்கறாங்க சார். அதோ ஷாமியானா பந்தல்ல உக்காந்திருக்காங்களே, அவங்கதான் பாத்து எழுதுவாங்க. இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும்" என்றார்.

"நல்லா ஆடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன். அதற்குள் எதிரணி மேனேஜர், "ரெஃப்ரி பீ மதராசி, தஸ் நம்பர் பீ மதராசி. அச்சா ஹை!" என்று, நடுவரும் மதராசி, பத்தாம் எண்ணும் மதராசி, பலே என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆட்டம் முடியும் வரை இவரிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசக்கூடாது என்று முடிவு செய்தேன். அதற்கு நேர்மை என்று பேரும் வைத்துக்கொண்டேன்.

மனிதர் அன்றைக்கு அற்புதமாக ஆடினார். ஆளுக்கொரு கோல் என்று ஆட்டம் நின்றது. முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது, பந்தோடு கோலை நோக்கிப் போனவரின் கணுக்காலை எதிரணிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து வெட்டினார். விசில் ஊதி மஞ்சள் அட்டையைக் காட்டினேன். அதற்குள் ஸ்பிரேயும் தண்ணீர் பாட்டிலுமாக ஓர் ஆள் உள்ளே ஓடி வந்துவிட்டார். சாக்ஸில் ரத்தம்.

"சார், வலிக்கல சார். ஃப்ரீ கிக் நான்தான் அடிக்கணும்."

"பாஹர்" என்றேன். வெளியே.

"சார், ப்ளீஸ்..."

"பாஹர் ஜாவோ. ஜல்தி."

நொண்டிக்கொண்டே போய்க் கோட்டுக்கு வெளியே நின்றார். ஃப்ரீ கிக்கை வேறொருவர் அடித்தார். பந்து தடுப்பாக நின்றவர்கள் மேல் பட்டுத் தெறித்தது. ஆட்டம் அவர் நின்ற பக்கமாகத் திரும்பி ஓடியபோது அவர் குரல் கேட்டது.

"சார், வரட்டுமா?"

நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் வீட்டில் வரட்டுமா என்று யாராவது கேட்டால், கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். காலில் முடியவில்லை, விடைபெற்றுக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. தமிழில் பதில் சொல்லக்கூடாதே என்று, ஓடிக்கொண்டே அவர் பக்கம் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன். ஆகட்டும், போய்விட்டு வா என்று. அப்புறம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவருடைய அணிக்காரர்கள் 'ரெஃப்ரி, ரெஃப்ரி' என்று கத்தினார்கள். எந்த ஆட்டத்தில்தான் கத்தவில்லை?

கடைசி நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. நீண்ட விசில் ஊதிவிட்டுத் திரும்பினால், அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பூட்ஸ் முனை கோட்டைத் தொடாமல், ஒரு கையைத் தூக்கியபடி.

அருகில் போனேன். "நீங்க கிளம்பலையா?"

"எங்க கிளம்பறது சார்? உள்ள வரட்டுமான்னு கேட்டேன். நீங்க இருன்னு கை காட்டினீங்க. இருந்தேன்."

அவர் டெல்லியில் பிறந்தவர். உள்ளே வரலாமா என்று கேட்க, ஹிந்தியில் மனதுக்குள் வந்ததை அப்படியே தமிழாக்கிக் கேட்டிருக்கிறார். நான் விடை கொடுத்த கை, விதி தெரிந்த ஆட்டக்காரருக்கு 'நில்' என்று பட்டிருக்கிறது. "ஹிந்தியில கேட்டிருக்கலாமே தம்பி" என்றேன். வாயை விட்டு வந்த பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

"நீங்க நம்மாளு. தமிழ்ல கேட்டா உடனே புரியும்னு நெனச்சேன்" என்றார். கோபமே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நேராக ஷாமியானாவுக்குப் போனேன். தப்பு என்னுடையது, அவர் ஆடத் தயாராக இருந்தார் என்று சொல்லத்தான் போனேன். தேர்வாளர்களில் ஒருவர் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஹிந்தியில் சொன்னார்: "அந்தத் தஸ் நம்பர் நல்ல பிளேயர்தான். ஆனா ஃபிட்னஸ் இல்ல. ஒரு அடி பட்டதும் ஆள் காலி."

பக்கத்தில் அந்த மேனேஜர் சமோசா தின்றுகொண்டு நின்றார். வரட்டுமா என்றால் இரண்டு அர்த்தம் என்று இவர்கள் முன்னால் எந்த வாயால் விளக்குவது? அவர் தமிழில் கேட்டார், எனக்குத் தமிழ் புரியவில்லை என்றா? "அச்சா ஜி" என்று சொல்லிவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். சிறப்புக் குறிப்பு என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். பிறகு வந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை.

ரொம்ப வருஷம் கழித்து அந்த விதியைத் திருத்தினார்கள். உதைத்தவர் அட்டை வாங்கினால், அடிபட்டவர் சட்டென்று மருந்து போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கலாம். அந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்டிருந்த என் மகன் செய்தியைப் படித்துவிட்டு, "அப்பா, உங்க காலத்துல இது இருந்திருந்தா அவருக்கு வேலை கிடைச்சிருக்கும்ல?" என்றான். ஆமாம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. விதி அவரை வெளியே நிறுத்தியது ஒரு ஃப்ரீ கிக் அடிக்கும் நேரம்தான். மீதி ஐந்து நிமிடமும், அந்த ஷாமியானாவில் நான் வாயைத் திறக்காத அரை நிமிடமும் என்னுடையவை என்று அவனிடம் சொன்னேன்.