தீப்பிடிக்காத துணி

என் மகனின் மொபைலில் ஒருவன் இங்கிலீஷில் பேசிக்கொண்டே ஒரு வெள்ளைத் துணியில் லைட்டரை வைத்தான். துணி எரியவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "ஏட்டி, இது நம்ம வீட்டுத் துணில்லா?" என்றாள்.

அதேதான். அப்போது மும்பை தாராவியில் எங்கள் ஒற்றை அறையில், ஸ்டவ்வை ஒட்டிய ஆணியில் கெரசின் வாடையோடு தொங்கும். கம்பெனியில் பாய்லர் குழாய்களுக்கு அந்தத் துணியைச் சுற்றுவதுதான் அப்பாவின் வேலை. சட்டையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து, அந்தத் துணியைத் தீயில் காட்டுவார். "எரியுதா பாருங்கலே!" சந்துப் பிள்ளைகள் கைதட்டும். அம்மா அதைப் பிடித்துத்தான் சோற்றுப்பானையை இறக்குவாள்.

பிறகு அப்பா இருமத் தொடங்கினார். டாக்டர் டிபி என்றார். தனித் தட்டு, தனி டம்ளர், வாசலோரம் தனிப் பாய். "கிட்ட போவாதிய, ஒட்டிக்கிடும்" என்று அம்மா எங்களை இழுத்துப் பிடிப்பாள். சாகும்வரை அப்பா எங்களைத் தொடவில்லை.

வீடியோக்காரன் சொல்லிக்கொண்டே போனான். இது ஆஸ்பெஸ்டாஸ். இதன் தூசி நுரையீரலில் தைத்தால் வெளியே வராது. பல வருஷம் கழித்து மூச்சை அடைக்கும். டிபி என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் இது தொற்று நோய் இல்லை.

கம்பெனிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எங்களிடம் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. நாங்கள் அப்பாவை வாசலில் ஒதுக்கிவிட்டு, துணியை அடுப்படியிலேயே வைத்திருந்தோம்.

"என்னட்டி சொல்லுதான்?" என்று கேட்டாள் அம்மா.

"தீப்பிடிக்காதுன்னு சொல்லுதாம்மா."

"அதத்தான் உங்கப்பா அன்னைக்கே காட்டிட்டாவளே!" அம்மாவுக்கு ஒரே பெருமை.