கல்லைச் சுற்றி அடித்த தகரம்

யுத்தம் நடந்த காலம். கண்டியில் ஒரு நில அளவைக் குழுவில் நான் சாமான் தூக்குபவன். எங்கள் சர்வேயர் ஐயா யாழ்ப்பாணத்தவர். மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், என் தங்கச்சி குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருந்தது. சரிவில் சிமெந்துக் கல் ஒன்றை நட்டு, அதன்மேல், வானத்துச் செயற்கைக்கோளைக் கொண்டு இடம் சொல்லும் செய்மதிக் கருவியை வைத்து, கல் நகருகிறதா என்று பார்த்து வந்தோம். நகர்ந்ததாக அளவு வந்தால்தான் சனங்களுக்கு வேறு இடம் என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லியிருந்தார்.

இரண்டாம் தடவை போனபோது கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். விளக்கு அணையாமல் இருக்க மூன்று பக்கமும் புதுத் தகரம் அடித்திருந்தது.

“மலைய புடிச்சி வச்சிருக்கிற சாமிண்ணே,” என்றாள் தங்கச்சி. நானும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கருவியை வைத்தேன்.

கல் நாலு விரல் மேட்டுப்பக்கம் ஏறியிருப்பதாக அளவு வந்தது. ஐயா சிரித்தார்.

“மலை மேல ஏறுதாம் தம்பி. உங்கட சாமி நல்லாத்தான் இழுக்கிறார்.”

பிறகு விளக்கினார். “மலைக்கு முன்னால நிண்டு கூப்பிட்டா உன்ர குரலே பிந்தி வந்து சேரும் எல்லோ? அப்பிடித்தான். வானத்தில இருந்து வாற சிக்னல் நேராயும் வருது, தகரத்தில பட்டுத் தெறிச்சும் வருது. ரெண்டையும் கலந்து வாங்கிப்போட்டுக் கருவி பிழையான இடத்தைச் சொல்லுது. தகரத்தைக் கழட்டோணும்.”

விளக்கு வைப்பவர் தங்கச்சியின் மாமனார். “சாமிக்கு அடிச்ச தகரத்த கழட்ட நீங்க யாருங்க?” என்று குறுக்கே நின்றார்.

“மாமா, சாமி இருக்கட்டும். தகரம் மட்டுந்தான். உங்க புள்ளைங்களுக்காகத்தான் கேக்குறேன்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரியாத்தாளை நினைத்தபடி நானே ஆணிகளைப் பிடுங்கினேன். தகரங்களை லயத்தைத் தாண்டி எதிர் மேட்டிலிருந்த பள்ளிக்கூடச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

கீழிருந்து தெறித்து வருவதை மறிக்க, அன்டனாவுக்கு அடியில் வட்டத் தட்டு ஒன்றைப் பூட்டினார் ஐயா. “செய்மதியள் நகர நகரத்தான் பிழை தெரியும். இண்டைக்கு முழுக்க இருக்கோணும்,” என்றார்.

மத்தியானம் பொலிஸ் ஜீப் வந்தது. மலையில் இரண்டு தமிழர், பக்கத்தில் அன்டனா. யாருக்குச் செய்தி அனுப்புகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்கள். இது வாங்கும், அனுப்பாது என்று ஐயா சொல்லிப் பார்த்தார். அனுமதிக் கடிதத்தையும் நீட்டினார். கருவியை அணைத்து எங்களை ஏற்றினார்கள்.

பொலிஸ் கூண்டுக்குள் இருக்கும்போதே மழை பிடித்தது. எனக்கு மாரியாத்தாளைத் தவிர யாரிடம் கேட்கத் தெரியும்? கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவளைக் கூப்பிட்டேன்.

எங்கள் நில அளவைக் கந்தோரிலிருந்து ஆள் வந்து எங்களை மீட்ட பிறகு நேரே தோட்டத்துக்குப் போனோம். லயம் இருந்த இடத்தில் சேறு. தங்கச்சி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உயிரோடிருந்தாள்.

“நீங்க தகரத்த கழட்டுனதும் சாமி கெளம்பிருச்சின்னு சனம் பயந்துருச்சிண்ணே. மழைக்கு முன்னுக்கே எல்லாரும் இங்க வந்துட்டோம். மாமா மட்டும், கல்ல இருட்டுல விட்டுட்டு வர மாட்டேன்னாரு.”

தோண்டி எடுத்தபோது நெருப்புப் பெட்டி அவர் மடியிலேயே இருந்தது.

“எங்களிட்டக் கிடக்கிறது அரைநாள் அளவுதான். கல் நகர்ந்ததோ இல்லையோ எண்டு அதில ஒண்டும் தெரியாது,” என்றார் ஐயா.

மாமாவைத் தூக்கி வரப் பலகை கிடைக்கவில்லை. நான் சாய்த்து வைத்த தகரங்களில் ஒன்றைத்தான் எடுத்தோம். தலைமாட்டு முனையை ஐயா பிடித்தார்.