இணையத்தில் விற்ற சிரிப்பு

மற்ற வியாபாரங்களில் வாங்க வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம். இணையத்தில் படம் விற்கிற தொழிலில் நம் வீட்டு முகத்தை யாரோ வாங்கிக்கொண்டு போவார்கள், அவர் முகத்தை நாம் கடைசிவரை பார்க்கவே மாட்டோம்.

திருத்தணி மலை அடிவாரத்தில் எனக்கு ஒரு ஸ்டுடியோ. கிருத்திகை நாட்களில் நிற்க இடமிருக்காது. மற்ற நாட்களில் ஃபேன் காற்றை நான் ஒருவனே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, டிஜிட்டல் கேமரா வாங்கிய சூட்டில், ஸ்டாக் போட்டோ ஏஜென்சிகளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். படத்தை இணையம் வழியாக அனுப்ப வேண்டும். அவர்கள் சோதித்துப் பார்த்து, பிடித்திருந்தால் கடையில் வைப்பார்கள். விளம்பரக்காரர்களோ பத்திரிகைக்காரர்களோ, உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்!

இதில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. என் மனைவி கஸ்தூரியின் படம் ஒன்றை விற்றேன்; பிறகு அந்த ஒரு படம் கிடைக்காதா என்று அலைந்தேன். அந்த அலைச்சலைத்தான் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

மொட்டைக்கு ஒரு கையெழுத்து

திருத்தணியில் இருந்துகொண்டு எதை எடுப்பது? மொட்டையைத்தான் எடுத்தேன். முடியிறக்கி, சந்தனம் பூசி, வெயிலில் பளபளக்கிற குழந்தைத் தலைகள். அழுது முடித்த கண்ணோடு குழந்தை கேமராவைப் பார்க்கும்போது கல் மனசும் இளகும். பெருமையாக அனுப்பி வைத்தேன். படத்தில் உள்ளவரின் சம்மதக் கையெழுத்து எங்கே, குழந்தையானால் பெற்றவர் கையெழுத்து எங்கே என்று கேட்டு, அத்தனையையும் திருப்பிவிட்டார்கள்.

சரி என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதத் தாள்களோடு முடிகாணிக்கை மண்டபத்து வாசலில் நின்றேன். புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். குழந்தையின் அப்பா தாளை மேலும் கீழும் பார்த்தார். படத்தை வெளிநாட்டில் விற்கப் போகிறேன் என்று நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"முடியத்தான் சாமி எடுத்துக்கிச்சு, மொகத்த நீ எழுதி வாங்கிக்கிறியா?"

காலியிடம்

முகம் வேண்டாம், கூட்டத்தை எடுப்போம் என்று ஆடிக் கிருத்திகைக்கு மாடியேறி நின்றேன். மலைப்படி முழுக்கக் காவடி. மஞ்சள் துணியும் பூவும் தவிர கண்ணுக்கு வேறொன்றும் தெரியாது. அந்த மாதிரிப் படம் அதற்கு முன்னும் நான் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை.

படம் அனுப்புவதெல்லாம் கடைத்தெருவில் டேவிட் வைத்திருந்த பிரௌசிங் சென்டரிலிருந்துதான். ஒரு படம் ஏறி முடிப்பதற்குள் ஒருவர் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. படத்தில் விளம்பர வாசகம் எழுதக் காலியிடம் இல்லை, அதனால் விலை போகாது. டேவிட் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, ஏஜென்சிக்காரன் எதிரிலேயே நிற்பது போல் திரையைப் பார்த்துக் கேட்டான்:

"ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணில காலியிடம் கேக்குறானே, இவன் எந்த ஊர்க்காரன்ணா?"

வெள்ளை வேட்டி டாக்டர்

கையெழுத்துப் போடவும் வேண்டும், பின்னால் காலியிடமும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி, வீட்டுக்காரியை நிற்க வைப்பதுதான். சுவரில் என் வெள்ளை வேட்டியை ஆணியடித்துக் கட்டினேன். கே.ஜி.கண்டிகை கம்பவுண்டர் ஒருவரிடம் ஸ்டெதஸ்கோப் இரவல். டேவிட் கடையிலிருந்து ஹெட்போன் இரவல். கஸ்தூரி காலையில் டாக்டர், மதியம் டீச்சர், சாயங்காலம் கம்பெனி மேனேஜர். நடுவில் எழுந்துபோய் உலை வைத்துவிட்டு வருவாள்.

படங்கள் தேறின, கொஞ்சம் கொஞ்சமாய் விலையும் போயின. ஒரே ஒரு குறை. அவளுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். சின்ன வயதில் யாரோ கேலி செய்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். மீறி வந்துவிட்டால் முந்தானை வாய்க்குப் போய்விடும். எனக்கு அந்தப் பல் பிடிக்கும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்தேன். அவள் நம்பினதில்லை. ஏஜென்சியிலிருந்து "சிரிப்பு இயல்பாக இல்லை" என்று எழுதினார்கள். அவளிடம் சொன்னேன். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"ஆறு மணிக்குத் தண்ணி வரும், அடுப்புல கொழம்பு கீது, இதுல இயல்பா வேற சிரிக்கணுமா?"

ஆப்பிள்

ஆரோக்கியமான பெண் ஆப்பிள் வைத்திருப்பது போன்ற படம் நன்றாகப் போகிறது என்று டேவிட் எங்கேயோ படித்திருந்தான். ஒரு ஆப்பிள் வாங்கி வந்து, துடைத்து, கஸ்தூரி கையில் கொடுத்தேன். "கொஞ்சம் பல் தெரியட்டுமே" என்றேன். முறைத்தாள். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேசைமேல் ஏறி, அவள் கையிலிருந்த ஆப்பிளை வாங்கிக்கொண்டது. பிடுங்கவில்லை, கொடுத்ததை வாங்குவது போலத்தான் வாங்கியது. போகிற போக்கில் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிற்று.

கஸ்தூரி சிரித்தாள். முந்தானையைத் தேடக்கூட நினைப்பு வராத சிரிப்பு. பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, கை காலியாக நின்று சிரித்தாள். என் விரல் தானாகவே அழுத்திவிட்டது.

அந்தப் படம் ஒரே தடவையில் தேறியது. தேறிய சந்தோஷத்தில் ஏஜென்சி கடையில் வைத்திருந்த மாதிரிப் படத்தை டேவிட் தன் கம்ப்யூட்டர் திரையிலேயே போட்டுக்கொண்டான். காசு கொடுக்காமல் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று ஏஜென்சியின் பெயரைக் குறுக்கே எழுதியிருக்கும் மாதிரி அது. கொஞ்ச நாளில் யாரோ ஒரு விளம்பரக்காரர் மொத்த உரிமையோடு வாங்கிக்கொண்டார். இனி அந்தப் படம் வேறு யாருக்கும் கிடையாது, ஏஜென்சிக் கடையிலும் இருக்காது. அந்தப் பணத்தில் அவளுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கினோம். மெஷினைத் துடைத்துக்கொண்டே கஸ்தூரி கேட்டாள்:

"இத்தன வருசமா மூடி வெச்சினு இருந்த பல்லுதான் வெல போச்சா?"

டாக்டருக்குப் படித்த அக்கா

அடுத்த மழைக்காலத்தில் கஸ்தூரிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இங்கே பார்த்தோம், பிறகு திருவள்ளூர், பிறகு சென்னை. போகும்போது பேசிக்கொண்டு போனவளைப் பேச்சில்லாமல் கொண்டுவந்தேன். இதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். இந்த ஊரில் எத்தனை பேருக்கு நான் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! என் வீட்டுக்கு ஒரு படம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் பக்கத்திலும் தலையைக் குனிந்திருக்கிறாள். படங்கள் வைத்திருந்த கம்ப்யூட்டர் அதற்கு முந்தின கோடையில் கரண்டு ஏறி இறங்கியதில் போய்விட்டது. பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். மீதி இருந்தது நான் பிரிண்ட் போட்டுப் பார்த்த சில படங்கள்தான். கஸ்தூரியின் தம்பி முனிரத்தினம், ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவன், அக்கா புருஷனான என்னைப் பாவா என்கிறவன், வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். டாக்டர், டீச்சர், மேனேஜர். ஸ்டெதஸ்கோப் மாட்டிய படத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதான்.

"எங்கக்கா எப்ப பாவா டாக்டருக்குப் படிச்சா? இதுல எதுலயுமே எங்கக்கா இல்லியே."

அனுதாபக் கடிதம்

அவள் அவளாகவே இருந்த படம் ஒன்றுதான், குரங்கு ஆப்பிளை வாங்கிப்போன படம். ஏஜென்சிக்கு எழுதினேன். என் மனைவி இறந்துவிட்டாள், அந்தப் படத்தின் ஒரு பிரதி மட்டும் கொடுங்கள், வீட்டுச் சுவரில் மாட்டத்தான், வியாபாரத்துக்கு இல்லை என்று டேவிட் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தான். அடிக்கும்போது நடுநடுவே எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

மறுநாளே பதில் வந்தது. உரிமை வாங்கியவருக்குப் போய்விட்டது, வாங்கியவர் விவரம் சொல்வதற்கில்லை, கோப்பும் நீக்கப்பட்டுவிட்டது. மரியாதையான கடிதம். டேவிட் முழுக்கப் படித்துவிட்டு, மவுசை விட்டுக் கையை எடுத்தான்.

"உங்க துக்கத்துல கலந்துக்குறோம்னு போட்டுட்டு, கீழயே இன்னும் நெறைய படம் அனுப்புங்கன்னு போட்டுக்கிறாங்கண்ணா."

குறுக்கே ஒரு பெயர்

கடைசியில் டேவிட் கம்ப்யூட்டர் திரையில் இருந்த மாதிரிப் படத்தையே எடுத்துப் பெரிதாக்கினேன். சின்னப் படம், பெரிதாக்கினால் மங்கும். மங்கட்டும். நெற்றியிலிருந்து தாடை வரை குறுக்கே ஏஜென்சியின் பெயர், வெள்ளை எழுத்தில். என்னென்னவோ செய்து அழித்துப் பார்த்தேன். எழுத்தை அழித்தால் மூக்கும் கூட அழிகிறது. மூக்கை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எழுத்துக்கு நடுவே அந்தத் தெத்துப்பல் மட்டும் பழுதில்லாமல் தெரிந்தது. அதைப் பார்த்தபோதுதான், பதினாறு நாளில் முதல்முறையாக, அவள் வீட்டில் இருப்பது போல் இருந்தது எனக்கு.

மாலை போட்டோம், விளக்கேற்றினோம். மணவூரிலிருந்து வந்த அவள் பெரியம்மா படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, பொண்ணு மொகத்து மேல எவன் பேர எழுதி வெச்சிருக்க?"

அரக்கோணத்தில் அக்கா

வருடம் திரும்புவதற்குள் ஒரு நாள் மத்தியானம் முனிரத்தினத்திடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். நூல் வாங்கப் போயிருந்தானாம்.

"பாவா, அக்கா அரக்கோணத்துல நிக்கிறா. நீ ஒடனே கேமராவ எடுத்துகினு வா."

போர்டு

புதிதாகத் திறந்த பல் ஆஸ்பத்திரி. மாடியை மறைத்துக்கொண்டு பெரிய ஃபிளெக்ஸ் போர்டு, அதில் கஸ்தூரி. குறுக்கே எந்த எழுத்தும் இல்லை. கீழே பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டிருக்க, அவள் மேலே குரங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்ச் சட்டம் போட்டுவிட்டால் போதும், பிறகு எனக்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் நின்று லென்ஸைத் திருகி முகத்தைக் கிட்டே கொண்டுவந்தேன்.

பற்கள் வரிசையாக இருந்தன. ஒரே அளவில், ஒரே வெள்ளையில். தெத்துப்பல்லை யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நேராக்கியிருந்தார்கள். கண்ணீர் இருக்கிறது, கன்னம் இருக்கிறது, அவள் இல்லை. கேமராவை இறக்கி முனிரத்தினத்திடம் கொடுத்தேன். அவனும் பார்த்தான்.

பல்லைத் திருத்துவதற்கு முந்தின படமாவது இவர்களிடம் இருக்குமா என்று கேட்க உள்ளே போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. நான் பேச்சை எடுப்பதற்குள், முனிரத்தினம் வாயைத் திறந்து "ஏம்மா, அந்தப் போர்டுல கீறவங்க..." என்று ஆரம்பித்தான். அவனுக்கும் அதே இடத்தில் தெத்துப்பல். அந்தக் குடும்பத்துக்கே உள்ளது. அந்தப் பெண் அவன் வாயைப் பார்த்துவிட்டு, அன்பாகத்தான் சொன்னது:

"ஒண்ணும் கவலப்படாதீங்க சார், போர்டுல இருக்கிற மேடத்துக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு, நாங்கதான் சரி பண்ணோம்."

முடிவாக

நாங்கள் எதுவும் கேட்காமல் வெளியே வந்துவிட்டோம். பஸ்ஸில் திருத்தணி வரும்வரை முனிரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பி, வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். மங்கின படம், குறுக்கே அடுத்தவன் பெயர், அதற்கு நடுவே கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிற அந்த ஒரு பல்.

ஆக, அன்பர்களே, இந்தத் தொழிலில் காசு கொடுத்தவருக்கு எழுத்தில்லாத படமும் எடுத்தவனுக்கு எழுத்துப் போட்ட படமும் என்பதுதான் சட்டம் என்றாலும், கணக்குப் பார்த்தால் கஸ்தூரி என் பங்குக்குத்தான் வந்திருக்கிறாள்.